ஷியா வெண்ணெய் கைக்கு வந்த கதை

பாத்திரம் தேய்த்துத் தேய்த்து விரல் முட்டிகளில் தோல் வெடிக்கத் தொடங்கிய பிறகுதான் கைக்குக் கிரீம் வாங்கும் பழக்கம் எனக்கு வந்தது. ட்யூபைத் திருப்பிப் பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படிக்கும் பழக்கமும் கூடவே வந்தது. தாவரக் கொழுப்பில் செய்த கிரீம்கள் பலவற்றில் ஒரு பெயர் இருக்கும்: பியூட்டிரோஸ்பெர்மம் பார்க்கி, அதாவது ஷியா மரம். முதல் சொல்லுக்கு வெண்ணெய் விதை என்று பொருள். இரண்டாவது சொல்லில் இருப்பது ஓர் ஆள், மங்கோ பார்க் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர். தாவரவியலாளர்கள் இந்த மரத்தை இன்று விட்டெல்லேரியா பாரடாக்ஸா என்றுதான் எழுதுகிறார்கள். கிரீம் ட்யூபில் மட்டும் பார்க் இன்னும் இருக்கிறார்.

நைஜர் ஆறு எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்துவர லண்டனின் ஆப்பிரிக்கச் சங்கம் அவரை அனுப்பியிருந்தது. 1796 ஜூலையில், இன்றைய மாலி நாட்டிலுள்ள சேகு நகரைத் தாண்டி அவர் போனபோது, வழியெல்லாம் மக்கள் ஒரு பழத்தைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். அதன் கொட்டைக்குள் இருந்த பருப்பை வெயிலில் உலர்த்தி, நீரில் கொதிக்கவைத்து வெண்ணெய் எடுத்தார்கள். பசு வெண்ணெயைவிட அது வெள்ளை, கெட்டி, தன் நாக்குக்கு ருசியும் கூடுதல் என்று பார்க் குறித்துவைத்தார். உப்புச் சேர்க்காமலே ஓராண்டு கெடாதாம். காடு திருத்தும்போது மற்ற மரங்களை வெட்டியவர்கள் இந்த மரத்தை மட்டும் விட்டுவைத்ததும் அவர் கண்ணில் பட்டது. 1799இல் வந்த அவருடைய பயண நூலில், அங்கிருந்த பம்பாரா மக்கள் சொன்ன பெயரைத் தன் காதில் விழுந்தபடி 'ஷியா' என்று எழுதினார். ஆங்கிலத்தில் அதுவே நிலைத்துவிட்டது. பிரெஞ்சில் கரிட்டே.

அதற்குச் சில நாள் முன்புதான் சேகு மன்னர் அவரை ஊருக்குள் விட மறுத்திருந்தார். பசியோடு ஒரு மரத்தடியில் உட்கார்ந்திருந்தவரை, வயலிலிருந்து திரும்பிய ஒரு பெண் தன் வீட்டுக்கு அழைத்துப்போய் மீன் சுட்டுக் கொடுத்தாள். அந்த வீட்டுப் பெண்கள் பஞ்சு நூற்றபடி அவரைப் பற்றியே பாட்டுக் கட்டிப் பாடினார்கள். சோறு போட்டவள் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. பழம் பொறுக்கியவர்கள் பெயரும் இல்லை. கிரீமைத் தடவும்போதெல்லாம் இது எனக்கு நினைவுக்கு வருகிறது.

ஏனென்றால் பார்க் எதையும் கண்டுபிடிக்கவில்லை. அவருக்கு 400 ஆண்டு முன்பே, 1352இல் மாலிக்குப் போன பயணி இபின் பதூதா இந்த எண்ணெயைப் பற்றி எழுதியிருக்கிறார். சமைக்க, விளக்கெரிக்க, உடம்பில் பூச, மண்ணோடு குழைத்து வீட்டுச் சுவரில் பூச என்று அதன் பயன்களை வரிசையாகச் சொல்கிறார். அதற்கும் முன்னே போகலாம். புர்கினா ஃபாசோவில் கிரிகோங்கோ என்ற பழைய குடியிருப்பைத் தோண்டியவர்களுக்கு ஏறக்குறைய கி.பி. 100ஐச் சேர்ந்த ஷியாக் கொட்டை ஓடுகள் கிடைத்தன.

செனகலிலிருந்து உகாண்டா வரை நீளும் புல்வெளிப் பட்டையில் இந்த மரம் தானாக முளைக்கிறது. தினை, சோளக் கொல்லைகளுக்கு நடுவே முளைத்ததை உழவர்கள் வெட்டாமல் காப்பாற்றி வைக்கிறார்கள். காய்க்கப் பதினைந்து, இருபது ஆண்டு பிடிக்கும். அதன்பின் தலைமுறை தலைமுறையாகக் காய்க்கும். மழைக்காலத் தொடக்கத்தில் பழம் உதிரும்போது பெண்கள் விடியுமுன்பே தலையில் கூடையோடு போய்விடுவார்கள். புல்லுக்குள் பாம்பும் தேளும் கிடக்கும். பழச் சதையைத் தின்றுவிட்டுக் கொட்டையை வேகவைத்து, காயவைத்து, உடைத்து, பருப்பை வறுத்து, இடித்து அரைப்பார்கள். அரைத்தது காப்பிப்பொடி நிறத்தில் கூழாக வரும்.

இதன் பிறகுதான் கைவேலை. பெரிய தாம்பாளம் போன்ற சட்டியில் கூழைப் போட்டு, முழங்கை வரை கையை விட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் ஊற்றி அடித்துப் பிசைகிறார்கள். ஒரு கை வலித்தால் மறு கை. ஒருத்தி ஓய்ந்தால் அடுத்தவள். தண்ணீர் வெதுவெதுப்பாக வேண்டுமா, குளிர்ந்ததாக வேண்டுமா, எப்போது மாற்ற வேண்டும் என்பதெல்லாம் பிசையும் விரலுக்குத்தான் தெரியும். பழுப்பு மெல்ல வெளுத்துச் சாம்பல் நிறமாகி, ஒரு கட்டத்தில் கொழுப்பு நுரைத்துத் திரண்டு மேலே வரும். மோர் கடையும்போது வெண்ணெய் திரள்கிறதே, அதே காட்சி. அதை வழித்தெடுத்துக் காய்ச்சி, வடித்து, ஆறவிட்டால் லேசாகப் புகைமணக்கும் ஷியா வெண்ணெய். வடக்கு கானாவில், பிறந்த குழந்தையின் உடம்பு பிடித்துவிடுவது இதைக்கொண்டுதான்.

வறண்ட கைக்கு இது ஏன் பொருந்துகிறது? உள்ளங்கையில் எண்ணெய்ச் சுரப்பியே கிடையாது. தோலின் மேலடுக்கில் செல்கள் செங்கல் போல அடுக்கியிருக்கின்றன, அவற்றுக்கு இடையே கொழுப்புதான் சாந்து. சோப்பு அந்தச் சாந்தைக் கரைத்துக்கொண்டு போகிறது. சுரந்து ஈடுகட்டச் சுரப்பி இல்லாததால் ஈரம் ஆவியாகித் தோல் வெடிக்கிறது. ஷியாவில் பெரும்பங்கு இரண்டு கொழுப்பு அமிலங்கள். ஸ்டியரிக் அதைக் கெட்டியாக வைக்கிறது, ஓலியிக் இளக்கித் தருகிறது. அதனால் டப்பாவில் கட்டியாக இருப்பது உடம்புச் சூட்டில் உருகிப் பரவி, ஈரம் வெளியேறாமல் மூடிவைக்கிறது. மூட ஈரம் இருக்க வேண்டும் என்பதைத்தான் பலரும் மறந்துவிடுகிறோம். கை கழுவித் துடைத்து, கொஞ்சம் ஈரம் இருக்கும்போதே தடவ வேண்டும். முழுக்கக் காய்ந்தபின் தடவினால் பாதிப் பலன்தான்.

ஐரோப்பா இதை முதலில் வாங்கியது கைக்காக இல்லை. சோப்புக்கும், பிறகு சாக்லேட்டில் கோக்கோ வெண்ணெய்க்குப் பதிலாகவும் வாங்கியது. இன்றும் ஏற்றுமதியில் பெரும்பகுதி சாக்லேட்டுக்கே போகிறது. 1976இல் லாக்ஸிட்டான் நிறுவனத்தைத் தொடங்கிய ஒலிவியே போசான் 1980களில் புர்கினா ஃபாசோவின் பெண்களிடமிருந்து இதைப் பிரான்ஸுக்குக் கொண்டுபோனார். அந்த நிறுவனத்தின் கைக் கிரீமில் 100க்கு 20 பங்கு ஷியா. மீதியில் முதலிடம் தண்ணீருக்கு, பிறகு ஈரத்தை இழுத்துவைக்கும் கிளிசரின், கொழுப்பையும் நீரையும் பிரியாமல் பிடித்துவைக்கும் பொருள்கள். சட்டியில் மணிக்கணக்காக அடித்துப் பெண்கள் நீரிலிருந்து பிரித்த கொழுப்பை, ஆலையில் எந்திரம் மறுபடி நீரோடு கலக்கிறது. கிரீம் என்பது அந்தக் கலவைதான்.

இந்த மரத்துக்கு நம் ஊரில் நெருங்கிய உறவு உண்டு. ஒரு காலத்தில் இது பாசியா பார்க்கி, நம் இலுப்பை பாசியா லாஞ்சிஃபோலியா. இரண்டையும் ஒரே பேரினத்தில்தான் வைத்திருந்தார்கள். இன்று பேரினம் பிரிந்தாலும், மகிழத்தோடும் சப்போட்டாவோடும் ஒரே குடும்பம். ஐரோப்பியச் சாக்லேட் சட்டத்தில் ஷியாவோடு அனுமதி பெற்ற கொழுப்புகளில் 'இல்லிப்பே' என்று ஒன்று உண்டு. கொழுப்பு போர்னியோ மரத்துடையது, பெயர் மட்டும் நம் இலுப்பையிலிருந்து போனது. கோயில் விளக்குக்கு இலுப்பெண்ணெய் ஊற்றிய வீடுகளில், கை கால் வறட்சிக்கும் அதையே தடவினார்கள்.

மார்கழிக் காலையில் என் குப்பியில் இலுப்பெண்ணெய் நெய்போல உறைந்து கிடக்கிறது. விரலால் கொஞ்சம் தோண்டி உள்ளங்கையில் வைத்தால், ஷியாவைப் போலவே, தேய்ப்பதற்குள் உருகிவிடுகிறது.