பரங்கிமலை

பரங்கிமலை, சென்னையின் தென்மேற்கே விமான நிலையத்துக்கு அண்மையில் உள்ள சிறு குன்று. உயரம் ஏறத்தாழ 90 மீற்றர். புனித தோமையார் மலை என்றும் வழங்கும். கத்தோலிக்கரின் யாத்திரைத் தலமான இது, 18ஆம் நூற்றாண்டில் சென்னைக்கான போர்களிலும் இடம்பெற்றது.

மரபு

உயிர்த்த இயேசுவின் காயங்களைத் தொட்டுப் பார்த்தாலன்றி நம்பேன் என்றவர் இயேசுவின் சீடர் தோமா (தோமையார்) என்கிறது யோவான் நற்செய்தி. அவர் இந்தியா வந்த கதை விவிலியத்தில் இல்லை. 3ஆம் நூற்றாண்டளவில் எழுந்த ‘தோமா பணிகள்’ என்னும் சிரிய மொழி நூலில் உள்ளது. கி.பி. 52இல் கேரளக் கரையில் இறங்கிய தோமா, 72இல் இம்மலையில் ஈட்டியால் குத்திக் கொல்லப்பட்டு மயிலாப்பூரில் அடக்கம் செய்யப்பட்டார் என்பது மரபு. சைதாப்பேட்டையை அடுத்த சின்னமலைக் குகையில் அவர் ஒளிந்திருந்தார் என்பர்.

ஆலயமும் சிலுவையும்

உச்சியிலுள்ள மாதா ஆலயம் போர்த்துக்கேயர் கட்டியது. 1547இல் இங்கு நிலத்தைத் தோண்டியபோது கிடைத்த கருங்கற் சிலுவை, பீடத்தின் பின்சுவரில் பதிக்கப்பட்டுள்ளது. அதன் முனைகள் மொட்டுப்போல் விரிந்திருக்கும். மேலே இறங்கும் புறா ஒன்று செதுக்கப்பட்டிருக்கும். சுற்றிலும் பண்டைப் பாரசீகத்தின் பகலவி எழுத்துகள் ஓடும். பாரசீகத் திருச்சபையோடு தென்னிந்தியாவுக்கு இருந்த தொடர்புக்கு அவ்வெழுத்தே சான்று. 1558 டிசம்பர் 18 அன்று பூசை வேளையில் சிலுவையில் இரத்தம் கசிந்ததாக நம்பப்படுகிறது. திருத்தந்தை இரண்டாம் ஜோன் போல் 1986 பெப்ரவரி 5 அன்று இம்மலைக்கு வந்தார்.

போர்களும் நிலஅளவையும்

1758 டிசம்பரில் லாலியின் பிரெஞ்சுப் படை சென்னையிலுள்ள ஆங்கிலேயரின் புனித ஜோர்ஜ் கோட்டையை முற்றுகையிட்டது. வெளியே நின்று அப்படையை அலைக்கழித்த ஆங்கிலக் கிழக்கிந்தியக் கும்பினித் தளபதி கைலோவும், மருதநாயகம் என அறியப்படும் யூசுப்கானும் 1759 பெப்ரவரியில் மலையடிவாரத்தில் பிரெஞ்சுக்காரருடன் பொருதனர். சில நாளில் ஆங்கிலேயக் கப்பல்கள் வந்துசேர, லாலி முற்றுகையைக் கைவிட்டார். 1769இல் மைசூரை ஆண்ட ஐதர் அலியின் குதிரைப்படை சென்னையின் வாசல்வரை வந்ததால், கும்பினி அவருடன் உடன்படிக்கை செய்ய நேர்ந்தது.

1802 ஏப்ரலில் நிலஅளவையாளர் வில்லியம் லாம்டன் இந்திய முக்கோண நிலஅளவைக்கான முதல் அடிக்கோட்டை இம்மலையருகே அளக்கத் தொடங்கினார்.

செல்லும் வழி

பரங்கிமலையில் புறநகர் ரயில், மெட்ரோ இரண்டும் நிற்கும். உச்சிக்கு வாகனப் பாதையும், ஆர்மேனிய வணிகர் பெத்ருஸ் உஸ்கான் கட்டுவித்த கற்படிகளும் உண்டு. உச்சியிலிருந்து விமான ஓடுபாதை தெளிவாகத் தெரியும்.