ஊசிமுனையில் ஒரு திருப்புகழ்

இசைத்தட்டுகளின் கதை – 9

சென்ற வாரம் மஞ்சக்குப்பம் கோர்ட்டில் நின்றோம். ஆண்டு 1871. சிதம்பரம் தீட்சிதர்கள் தங்கள் பெருமைக்குச் சான்றாக ஒரு திருப்புகழ்ப் பாட்டை எடுத்துக் காட்ட, அங்கே உத்தியோகத்தில் இருந்த வடக்குப்பட்டு சுப்பிரமணிய பிள்ளையை அது பிடித்துக்கொண்டது. அப்புறம் அவர் சும்மா இருக்கவில்லை. ஏடு இருக்கிறது என்று காதில் விழுந்த இடத்துக்கெல்லாம் ஆள் விட்டார், தானே போனார். 1890-களில் முதல் தொகுதி அச்சேறியது. பதினாறாயிரம் என்று மரபு சொல்கிற பாடல்களில் இன்று நம் கையில் இருப்பவை ஏறக்குறைய 1,300.

எழுத்து கிடைத்தது. பாட்டு கிடைத்ததா? ஏட்டில் சந்தம் இருந்தது, மெட்டு இல்லை. அருணகிரிநாதர் என்ன ராகத்தில் பாடினார் என்பது அவரோடு போயிற்று.

திருவண்ணாமலை ராஜகோபுரத்துக்குள் நுழைந்ததும் இடப்பக்கம் கம்பத்து இளையனார் சந்நிதி. சற்று உள்ளே தள்ளி வல்லாள கோபுரம். வாழ்க்கை வெறுத்து இதன் உச்சியிலிருந்துதான் அருணகிரி குதித்தார், முருகன் கையில் ஏந்திக்கொண்டான் என்பது ஊர்க்கதை. முருகன் எடுத்துக் கொடுத்த ‘முத்து’ என்ற சொல்லில் முதல் பாட்டு பிறந்ததாம். தீபத்துக்கு வந்தவர்கள் அந்தப் பாட்டைக் கேட்காமல் திரும்ப முடியாது. கம்பத்துக்குக் கம்பம் கட்டிய குழாய் ஒலிபெருக்கியில் அது படும் பாடு வேறு கதை. ‘த்த’வும் ‘க்க’வும் சேர்ந்து கரகரவென்று ஒரே இரைச்சலாக வந்து விழும். அதைக் கேட்டுவிட்டு அந்தப் பாட்டின் பதிவை எடை போட்டுவிடாதீர்கள்.

வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, நல்ல ஹெட்போனில் கேளுங்கள். 1964-இல் வந்த ‘அருணகிரிநாதர்’ படத்தின் பாட்டு அது. இசை ஜி. ராமநாதன், டி.ஆர். பாப்பா. படம் வெளிவருமுன்பே, 1963-இல், ராமநாதன் காலமாகிவிட்டார். அருணகிரியாக நடித்தவரும் பாடியவரும் டி.எம். சௌந்தரராஜனே. வீட்டில் சௌராஷ்டிரம் பேசி வளர்ந்த மதுரைக்காரர், தமிழிலேயே நாக்கைச் சுளுக்க வைக்கிற பாட்டைப் பாடுகிறார். அந்நாளில் பாடகரும் வாத்தியக்காரர்களும் ஒரே கூடத்தில் ஒரே நேரத்தில் வாசித்துப் பாடியாக வேண்டும். இன்றுபோல் வரி வரியாகப் பாடி ஒட்டும் சௌகரியம் கிடையாது. யாராவது ஓரிடத்தில் தடுக்கினால் எல்லோரும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

கேட்கும்போது அவர் மூச்சை எங்கே ஒளித்து வைக்கிறார் என்று தேடிப் பாருங்கள். அடுக்கடுக்காக வல்லினம் வந்து மோதும்போதும் ஒரு மெய்யெழுத்துகூட நசுங்குவதில்லை. குரல் முன்னால் நிற்கிறது, தாள வாத்தியங்கள் ஓரடி பின்னால். நல்ல பதிவு என்று நான் சொல்வது இதைத்தான். பின்னாளில் எலெக்ட்ரானிக் தாளத்தைக் கொட்டிப் பலர் பாடிய பக்திக் கேசட்டுகள் எத்தனையோ உண்டு. என்னைக் கேட்டால் அவற்றைக் காரில்கூடப் போட வேண்டாம்.

ஆனால் திருப்புகழுக்குக் கச்சேரி மேடையில் மரியாதை தேடித் தந்தவர் சௌந்தரராஜனுக்கு முந்தியவர். அவர் காஞ்சிபுரம் நாயனாப் பிள்ளை. 1889-இல் பிறந்தவர். தாளத்தில் புலி. மற்றவர்கள் தொடத் தயங்கிய தாளங்களில் திருப்புகழைப் பாடுவார். பக்கத்தில் மிருதங்கம், கஞ்சிரா, கடம், டோலக், கொன்னக்கோல் என்று ஒரு பட்டாளமே உட்கார்ந்திருக்கும். ‘ஃபுல் பெஞ்ச்’ கச்சேரி என்றே அதற்குப் பெயர்.

அந்தப் பட்டாளத்தை அரக்குத் தட்டுக்குள் எப்படி அடைப்பது? பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கம் ஓடுவது சுமார் மூன்று நிமிடம். 1925-க்கு முன் மைக் கிடையாது. தகரக் கொம்புக்குள் முகத்தை நீட்டிக் கத்த வேண்டும். மைக் வந்தபிறகும் அந்த மூன்று நிமிடம் மூன்று நிமிடமாகவே இருந்தது. நாயனாப் பிள்ளையின் பல்லவி சூடு பிடிப்பதற்குள் ஊசி நடுவட்டத்தில் போய் முட்டிவிடும்.

பாடகர் கிட்டப்பா தட்டில் ஏறினார். பாடகி கோயமுத்தூர் தாயி ஏறினார். அவர் தட்டைப் பாரிஸில் கேட்டு மயங்கிய மோரிஸ் டெலாஜ் என்ற இசையமைப்பாளர் அதை வைத்து ‘ராகமாலிகா’ என்று குரலுக்கும் பியானோவுக்குமாக ஒரு உருப்படியே எழுதினார். நாயனாப் பிள்ளை மட்டும் ஏறவில்லை. 1934-இல் போய்விட்டார். அவர் குரலில் ஒரு தட்டும் இல்லை.

அப்படியானால் அந்தப் பாட்டெல்லாம் எங்கே போயிற்று?

சென்னை ஜார்ஜ் டவுனில் கண்பார்வை மங்கிய ஒரு மூதாட்டி வீணையோடு உட்கார்ந்திருக்கிறார். வீணை தனம்மாள். அவர் வாசிப்பு அத்தனை மென்மை. அடுத்தவர் மூச்சு விட்டால் கெட்டுவிடும் என்று ரசிகர்கள் அடங்கி உட்கார்ந்து கேட்பார்கள். அவருடைய பேத்திகள் இருவர், பிருந்தாவும் முக்தாவும், நாயனாப் பிள்ளையிடம் பாடம் கேட்டவர்கள். தட்டில் ஏறாத பாட்டு இந்த இரண்டு தொண்டைகளில் ஏறியிருந்தது. இதற்கிடையில் 1930-களில் ரெக்கார்டு கம்பெனிக்காரர்கள் பாட்டியைத் தேடி வருகிறார்கள். மூச்சுச் சத்தமே தாங்காத வீணைக்கு முன்னால், கொரகொரவென்று சுழலும் மெழுகுத்தட்டு.

அவர் சம்மதித்தார்.

(அடுத்த வாரம்)