கத்திக் காயமும் கதிர்ப்படமும்: திருகோணமலையை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

மருத்துவக் கருவிகளின் வரலாறு பெரும்பாலும் கண்டுபிடிப்பாளரின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. ஒரு கருவி முதலில் யாருக்குப் பயன்பட்டது, யார் அதற்காகக் காத்திருந்தனர் என்னும் வினாக்கள் அவ்வெழுத்துக்களில் இடம்பெறுவது அரிது. கத்தியாற் குத்துண்டவரின் உள்ளுறுப்புக்களைப் படமெடுத்து மதிப்பிடும் முறையின் வளர்ச்சியை இவ்வினாக்களோடு நோக்க முற்படுகின்றோம். பேரரசொன்றின் கடற்படைத் தளமாகவும் மீனவரும் விவசாயிகளும் துறைமுகத் தொழிலாளரும் வாழும் பிரதேசமாகவும் ஒருங்கே விளங்கிய திருகோணமலை இதற்குப் பொருத்தமான களமாகும்.

மானிப்பாயில் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்த சாமுவேல் பிஸ்க் கிறீன் 1867 இல் ‘இரண வைத்தியம்’ என்னும் சத்திரசிகிச்சை நூலை வெளியிட்டார். ஆகவே, அத்துறையைத் தமிழிற் பயிலும் வாய்ப்பு அன்றே இருந்தது. ஆயின் உடலைத் திறவாது உள்ளே காணும் வழி அன்று உலகில் எங்கும் இருக்கவில்லை. காயத்தின் ஆழத்தை அறிய வைத்தியர் சலாகையையும் விரலையுமே நம்பியிருந்தனர்.

1895 நவம்பரில் வில்ஹெல்ம் றொன்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டறிந்தார். அடுத்த ஆண்டிலேயே எத்தியோப்பியப் போரிற் காயமுற்ற இத்தாலியப் படையினர் நேப்பிள்ஸ் நகரிற் கதிர்ப்படம் எடுக்கப்பட்டனர். 1897 இல் இந்தியாவின் வடமேற்கு எல்லையிலே திரா படையெடுப்பிலும், 1898 இற் சூடானிலும் பிரித்தானியப் படை மருத்துவர் அதனைப் பயன்படுத்தினர். சூடானில் மிதிவண்டியை மிதித்து மின்கலங்களுக்கு மின்னேற்றினர். புதிய கருவி ஏகாதிபத்தியப் போர்களின் வழியே உலகிற் பரவியமை ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. அது தேடியது துப்பாக்கிக் குண்டையே. உடலில் தங்கிய உலோகம் படத்தில் தெளிவாக விழும். உருவியெடுக்கப்பட்ட கத்தியோ தான் சென்ற வழியைப் படத்தில் விட்டுச்செல்வதில்லை.

எனினும் குத்துக்காயத்துக்கு அக்கதிர்ப்படம் முற்றிலும் பயனற்றதன்று. முறிந்து தங்கிய அலகையும், மார்பறையிற் புகுந்த காற்றையும், தேங்கிய குருதியையும் அது காட்டும். ஆயினும் நிமிர்த்தி எடுத்த படத்திலேயே ஏறத்தாழ 200 மில்லிலீற்றருக்குக் குறைந்த குருதி புலப்படாது போகலாம். படுக்கவைத்து எடுப்பின் இதைவிடக் கூடுதலான குருதியும் மறைந்துவிடும். வயிற்றுக் காயத்தில் ஐயம் எழுந்தவிடத்து வயிற்றைத் திறந்து பார்ப்பதே நெடுங்காலம் வழக்கமாயிருந்தது. போர்க்களத்திற் பெற்ற இவ்விதியை 1960 இல் வினாவுக்குட்படுத்தியவர் நியூயோர்க் புரூக்ளினிற் பணியாற்றிய ஜெரால்ட் சாஃப்ரன். நோயாளியைத் திரும்பத் திரும்பப் பரிசோதித்து, அறிகுறி தோன்றினால் மட்டும் சத்திரசிகிச்சை செய்யலாம் என அவர் காட்டினார். வயிற்றின் முன்புறக் குத்துக்களில் ஏறத்தாழ மூன்றிலொன்று வயிற்றறையின் உட்சவ்வையே துளைப்பதில்லை என்பது இன்று பாடநூற் கருத்தாகும். போர்க்களம் தந்த விதியைத் திருத்திய இவ்வறிவு பொதுமக்களின் வைத்தியசாலையிலே பிறந்தது.

1971 இற் கொட்பிறி ஹவுன்ஸ்பீல்டின் கணினிக் குறுக்குவெட்டுப் படமுறை, அதாவது இன்றைய சீ.ரீ. ஸ்கேன், முதலில் மூளையைப் பார்க்கவே பயன்பட்டது. 1990 களில் விரைவான ஸ்கேன் கருவிகள் பரவிய பின்னரே கத்தி சென்ற வழியை ஓரளவு பின்தொடர முடிந்தது. அதே காலத்திற் பரவலான கழியொலிப் பரிசோதனை, இதய உறையில் தேங்கும் குருதியைக் கட்டிலருகிலேயே சில நிமிடங்களில் காட்டியது. ஆயினும் இடது கீழ்மார்புக் குத்தில் பிரிமென்றகடு கிழிந்திருப்பதை ஸ்கேனும் தவறவிடக்கூடும். குடற் காயமுள்ளவரிடத்தும் கழியொலிப் பரிசோதனை குறையெதுவும் காட்டாதிருக்கலாம். படம் தெளிவாக இருப்பதனால் நோயாளியைக் கண்காணிக்கும் கடமை நீங்கிவிடாது.

இனித் திருகோணமலையை நோக்குவோம். பிரித்தானியக் கடற்படை இங்கு தனக்கென மருத்துவமனையொன்றை வைத்திருந்தது. 1942 ஏப்ரில் 9 ஆந் திகதி யப்பானிய விமானங்கள் துறைமுகத்தைத் தாக்கின. அன்றே மட்டக்களப்புக்கு அப்பால் ஹெர்மிஸ் போர்க்கப்பல் மூழ்கடிக்கப்பட்டது. கடலில் தத்தளித்தோரை வீற்றா என்னும் மருத்துவக் கப்பல் மீட்டுக் கொழும்புக்குக் கொண்டுசென்றது. காயமுற்ற படையாளைத் தேடி மருத்துவமனையே கடலில் மிதந்து வந்தது. 1957 இல் தளம் இலங்கையிடம் கையளிக்கப்பட்டது. ஆனால் அதற்குப் பின்னரும் அரை நூற்றாண்டுக் காலம், கொட்டியாரக்குடாவின் மறுகரையிலுள்ள மூதூரிற் குத்துண்டவர் நகரை அடைய இயந்திரப் படகையோ, ஆற்றுத் துறைகள்தோறும் மிதவைப் பாதையையோ நம்பவேண்டியிருந்தது. 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் 2009 ஒக்டோபரிலேயே திறக்கப்பட்டது. உள்ளே குருதி ஒழுகும்போது கருவி எத்துணைச் சிறந்தது என்பதிலும் அது எத்துணைத் தொலைவில் உள்ளது என்பதே முதன்மையானது. இவ்வகையில் பாலமும் நோயறியும் கருவியின் ஓர் உறுப்பெனலாம்.

இதற்கு நீதிமன்றம் சார்ந்த பக்கமும் உண்டு. இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 311 ஆம் பிரிவு, உயிருக்கு ஆபத்தான காயத்தை மட்டுமன்றி, மார்பறை, வயிற்றறை, மண்டையறை ஆகியவற்றைத் திறந்து சத்திரசிகிச்சை செய்ய நேர்ந்த காயத்தையும் கடுங்காயமாகக் கொள்கின்றது. ஒரே வகையான குத்து, ஸ்கேன் உள்ள இடத்திற் கண்காணிப்போடு முடியலாம். இல்லாத இடத்தில் ஐயத்தின்பேரில் வயிறு திறக்கப்படலாம். அங்ஙனம் திறந்தபின் உள்ளே சேதமெதுவும் இல்லையெனக் கண்டால், அக்காயத்தை எவ்வகையிற் சேர்ப்பது? வசதியின் ஏற்றத்தாழ்வு குற்றத்தின் நிறையையே மாற்றிவிடும் நிலை இங்கு எழுகின்றது. காயம்பட்டவர், குற்றஞ்சாட்டப்பட்டவர் ஆகிய இருவரையும் அது பாதிக்கும்.

சுருங்கக் கூறின், கதிர்ப்படம் படையினரின் குண்டைத் தேடி உலகெங்கும் விரைந்து சென்றது. சாதாரண மனிதரின் கத்திக் காயத்துக்கு உரிய படமுறை தோன்ற ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு சென்றது. துறைமுகத்தின் ஆழத்தை அளந்து வரைபடமாக்குவதற்குப் பேரரசு காட்டிய அக்கறை, அதன் கரையில் வாழ்ந்தோரின் உடல்மீது காட்டப்பட்டதா என்பதே நாம் எழுப்பும் வினா. மருத்துவ வரலாற்றை எழுதப் புகுவோர் ஆய்வுகூடத்தோடு நின்றுவிடாது ஆற்றுத் துறைக்கும் வரவேண்டும்.