காகிதத்தில் துள்ளிய மீன்கள்

கொஞ்ச நாளாவே ஒரு கிராஃப் மண்டைக்குள்ள குடைஞ்சுக்கிட்டு இருக்கு. கம்போடியாவுல ஆறு, ஏரிகள்ல பிடிச்ச மீன் பற்றிய அரசுக் கணக்கு அது. 1998-ல் சுமார் 75,000 டன். 1999-ல் 2,31,000 டன். ஒரே வருஷத்துல மூணு மடங்கு! ஆத்துல அப்படி என்னதான் நடந்ததுன்னு தேடிப் பார்த்தா, ஆத்துல ஒண்ணும் நடக்கலை. எண்ணுற விதம்தான் மாறியிருக்கு.

முதல்ல அந்த ஆற்றைப் பத்தி. தொன்லே சாப் என்பது ஏரிக்கும் பேர், அதை மீகாங்கோட சேர்க்கிற ஆற்றுக்கும் பேர். மழைக்காலத்துல மீகாங் பொங்கினதும் இந்த ஆறு பின்னோக்கி ஓடி ஏரியை நிரப்பும். ஏரி அஞ்சாறு மடங்கு பெரிசாகி காட்டையும் வயலையும் முழுகடிக்கும். மீனுக்கு அதைவிட நல்ல சாப்பாட்டுக் கூடம் ஏது? அக்டோபர் வாக்குல ஆறு திரும்பி நேரா ஓட ஆரம்பிக்கும்போது, தின்னு கொழுத்த மீன் கூட்டம் கூட்டமா மீகாங்குக்குத் திரும்பும்.

அந்த வழியில, புனோம் பென்னுக்கு வடக்கே, 'தாய்' என்று ஒரு வலை காத்துக்கிட்டு இருக்கும். (நம்ம தாய் இல்லீங்க, கெமர் மொழிச் சொல் :-)) நூறு மீட்டருக்கு மேல் நீளமான பை மாதிரி வலை. நங்கூரம் போட்டு வரிசை வரிசையா ஆற்றுக்குக் குறுக்கே கட்டியிருப்பாங்க. ஜனவரிப் பௌர்ணமிக்கு முந்தின சில நாள்ல இழுக்க இழுக்க மீன்பாடு வந்துக்கிட்டே இருக்கும். பெரும்பாலும் 'ரியெல்' என்கிற பொடிமீன். அந்த நாட்டு நாணயத்துக்கும் அதே பேர்தான்.

இப்ப கணக்குக்கு வருவோம். பிரெஞ்சுக்காரங்க காலத்துல இருந்தே ஏரியைப் பகுதி பகுதியாப் பிரிச்சு ஏலம் விட்டாங்க. நம்மூர் ஏரி மீன் குத்தகை மாதிரியேதான். கிடைச்ச மீனைக் குத்தகைக்காரரே சொல்லணும். உண்மையைச் சொன்னா அடுத்த ஏலத்துல தொகை ஏறும். எந்தக் குத்தகைக்காரர் உண்மையைச் சொல்வார்?

அது கூடப் பரவாயில்லை. 1987-ம் வருஷச் சட்டப்படி குடும்பத் தேவைக்குச் சின்ன வலை, தூண்டில் வச்சுப் பிடிக்க உரிமம் தேவையில்லை. நல்ல சட்டம்தான். ஆனா உரிமம் இல்லேன்னா பதிவேடு இல்லை. பதிவேடு இல்லேன்னா கணக்குல வராது. வீட்டு வாசல்ல வலை வீசினவங்க, நெல் வயல்ல மீன் பிடிச்ச பிள்ளைங்க, யாருமே அரசுப் புள்ளிவிவரத்துல கிடையாது.

1994-ல் டென்மார்க் நிதியோட மீகாங் ஆற்று அமைப்பும் கம்போடிய மீன்துறையும் சேர்ந்து ஒரு திட்டம் ஆரம்பிச்சாங்க. தாய் வலையில எல்லா இழுப்பையும் எடை போட முடியாது. அதனால சில வலைகளைக் குலுக்கல் முறையில எடுத்து, ஒரு இழுப்புக்கு எத்தனை கிலோ, ஒரு நாளைக்கு எத்தனை இழுப்புன்னு பார்த்துப் பெருக்கினாங்க. மீன் அதிகம் வர்ற பௌர்ணமியை ஒட்டின நாட்களுக்குத் தனிக்கணக்கு. சாதாரண நாளோட அதைக் கலந்தா சராசரியே பொய்யாயிடும் இல்லையா?

குடும்ப மீன்பிடிப்புக்கு வேற வழி. 1995-96-ல் 8 மாகாணங்கள்ல ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள்ல போய், என்ன பிடிச்சீங்க, என்ன சாப்பிட்டீங்கன்னு கேட்டாங்க. எல்லாத்தையும் கூட்டினா வருஷத்துக்கு 2,90,000-லிருந்து 4,30,000 டன் வரை வந்தது. அரசுக் கணக்கைவிட நாலஞ்சு மடங்கு! 1999-ல் அரசும் குடும்ப மீன்பிடிப்பையும் வயல் மீனையும் சேர்த்துக்கிச்சு. கிராஃப் துள்ளின ரகசியம் இதுதான்.

நிற்க. இதுல எனக்கு ஒரு சொந்த உறுத்தல் இருக்கு. ஒரு வாடிக்கையாளருக்கு விற்பனை ரிப்போர்ட் எழுதினப்ப, தகவல் அனுப்பாத கிளைகளுக்கு 0-ன்னு போட்டுட்டேன். ரெண்டு வாரம் கழிச்சு, "விற்பனையே இல்லாத கிளைகளை" மூடலாமான்னு கூட்டம் போட்டிருக்காங்க! நல்லவேளை, முடிவு எடுக்கறதுக்குள்ள பிடிச்சுட்டோம். தெரியாதது வேற, பூஜ்யம் வேற.

அங்கே போடுற கூட்டம் அணை பத்தினது. மீன்பிடிப்பு சொற்பம்னு காகிதம் சொன்னா, மின்சாரத்துக்கு முன்னாடி அது எங்கே நிக்கும்? 2012-ல் வந்த ஒரு ஆய்வு, லோயர் செசான் 2 என்ற ஒரே அணையால மீகாங் படுகை முழுக்க மீன் வளம் 9.3 சதவீதம் குறையும்னு மதிப்பிட்டது. அந்த அணை 2018-ல் முழுசா இயங்க ஆரம்பிச்சாச்சு. 9.3 சதவீதம்னா எத்தனை பேர் தட்டுல எத்தனை கிலோ? மொத்தம் சரியாத் தெரிஞ்சாத்தானே அதைச் சொல்லி வாதாட முடியும்?

இன்னொரு பக்கமும் இருக்கு. அந்தத் துள்ளலை அப்படியே நம்பினா, "மீன் பெருகிடுச்சு, கவலை வேண்டாம்"னு தோணும். ஆனா 1940-கள் கணக்கோட ஒப்பிட்டவங்க, மொத்த மீன்பாடு கூடினாலும் மீனவங்க எண்ணிக்கை அதைவிட வேகமாக் கூடினதால ஆளுக்குக் கிடைச்சது குறைஞ்சதுன்னு எழுதினாங்க.

ஏலக் குத்தகை முறையை 2000-ல் பாதிக்கு மேல குறைச்சு, 2012-ல் மொத்தமா ஒழிச்சாங்க. அதோட குத்தகைக்காரர் தந்த அரைகுறைக் கணக்கும் போச்சு. இனி முழுக்க முழுக்க எண்ணவேண்டியது சின்ன வலைக்காரங்களைத்தான்.

அடுத்த தடவை ஒரு கிராஃப் திடீர்னு எகிறினா, என்ன நடந்ததுன்னு கேக்கறதுக்கு முன்னாடி யார் எண்ணினாங்க, யாரை விட்டாங்கன்னு கேளுங்க மக்களே. நான் இப்ப அதைத்தான் முதல்ல கேக்கறேன். அந்த ரிப்போர்ட்டுல 0 போட்ட இடத்துல இப்போ "தெரியவில்லை"ன்னு வருது.