குறை எத்தனை மரக்கால்?

பேத்தி மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். லீவுக்குத் திருக்கடையூர் வந்தவள் வீட்டுப்பாட நோட்டோடு திண்ணையில் உட்கார்ந்தாள். ஒருவனிடம் 43 கோலிக்குண்டு, இன்னொருவனிடம் 28. முதல் பையனிடம் எத்தனை அதிகம்? யோசிக்காமல் 71 என்று எழுதினாள். "அதிகம்னு போட்டிருக்கே தாத்தா, அப்ப கூட்டல்தானே?"

முப்பது வருஷம் வாத்தியாராக இருந்தவனுக்கு இது புதிதல்ல. தின்றான், தொலைத்தான் என்றால் பிள்ளைகள் உடனே கழித்துவிடும். எதுவுமே குறையாத இடத்தில் கழிக்கச் சொன்னால் திகைக்கும்.

நம் பக்கத்துத் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் மணலில் விரலால் எழுதி, எண்சுவடியை உரக்கச் சொல்லி மனப்பாடம் செய்தார்கள். முந்திரி என்றால் 320-ல் ஒன்று, காணி 80-ல் ஒன்று, மா 20-ல் ஒன்று. சோழநாட்டுக் கொறுக்கையூர் காரிநாயனாரின் கணக்கதிகாரம் நிலம், பொன், நெல், அரிசி என்று வகை பிரித்துக் கணக்குச் சொல்கிறது. பலாப்பழத்தை அறுக்காமலே சுளையை எண்ணும் வழிகூட அதில் உண்டு. (நான் செய்து பார்த்தேன், சரியாக வரவில்லை. பழத்தின் குற்றமாகவும் இருக்கலாம்.)

ஒப்பிட்டுக் கழிக்கும் கணக்கு பிழைப்போடு கலந்திருந்த இடம் நெல் களம்தான். 12 மரக்கால் ஒரு கலம். அதனால் கடன் வாங்கினால் பத்து வராது, பன்னிரண்டு வரும். ரூபாயில் பதினாறு அணா. 1957 ஏப்ரல் 1-ல் நயா பைசா வந்த பிறகுதான் காசுக் கணக்கு நூறுக்கு மாறியது.

1940களில் நடந்ததாக அப்பா சொன்னது இது. தாத்தாவுக்கு ஐந்து மா குத்தகை. கொடுக்க வேண்டியது 18 கலம் 4 மரக்கால். அன்று களத்தில் 'லாபம்' என்று முதல் மரக்காலைத் தொடங்கி அளந்து முடித்தபோது 15 கலம் 9 மரக்கால் வந்தது. பண்ணைக் கணக்குப்பிள்ளை பாக்கி 3 கலம் 5 மரக்கால் என்று எழுதினார். பதினெட்டில் பதினைந்து போக மூன்று; ஒன்பதில் நாலு போக ஐந்து! சின்ன எண்ணைப் பெரிய எண்ணிலிருந்து எடுத்துவிட்டார். என் வகுப்புப் பிள்ளைகள் வருஷம் தவறாமல் செய்த அதே தப்பு.

தாத்தாவுக்கு எழுதத் தெரியாது. "ஐயா, இன்னும் மூணு மரக்கா போட்டா பதினாறு கலம். அதுக்கு மேல ரெண்டு கலம் போட்டா பதினெட்டு. அப்புறம் நாலு மரக்கா. ரெண்டு கலம் ஏழு மரக்காதானே வருது?" என்று கேட்டாராம். கழிக்கவே இல்லை, கீழிருந்து மேலே ஏறிப் போயிருக்கிறார். வித்தியாசம் 10 மரக்கால். கணக்குப்பிள்ளை பேசாமல் அடித்துத் திருத்தினார். அடுத்த சாகுபடிக்கு அந்த ஐந்து மா எங்களுக்கு வரவில்லை. கேட்க அப்போது சட்டம் கிடையாது.

1952-ல் ராஜாஜி ஆட்சியில் வந்த தஞ்சை சாகுபடியாளர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் குத்தகைதாரருக்கு விளைச்சலில் நூற்றுக்கு 40 என்றது. 1956-ன் நியாயக் குத்தகைச் சட்டம் நன்செயில் அதைத் தலைகீழாக்கி, நிலக்காரருக்கு 40 என்று வைத்தது. நூறு கலம் கண்டால் குத்தகைதாரருக்கு முன்னைவிட 20 கலம் கூட. நிலக்காரரைவிடவும் 20 கலம் கூட. விடை ஒன்று, கேள்வி இரண்டு. 'எதைவிட?' என்று கேட்காமல் இந்தக் கணக்கைப் போட முடியாது. ஏட்டில் இருந்த அளவு களத்தில் எல்லாருக்கும் கிடைத்ததா என்பது வேறு கதை.

பேத்தியிடம் கோலிக்குண்டை விட்டுவிட்டு நெல்லைச் சொன்னேன். மரக்கால் என்றால் என்ன என்று கேட்டாள். பரணிலிருந்து இறக்கிக் காட்டினேன். அதற்குள் உட்கார முடியுமா என்று பார்த்துவிட்டு, விரலை மடக்கி 28-லிருந்து ஏற ஆரம்பித்தாள். முப்பதுக்கு ரெண்டு, நாற்பதுக்குப் பத்து, அப்புறம் மூணு. 71-ஐ அழிக்க ரப்பர் தேடினாள்.