இசைத்தட்டில் காத்திருந்த பாடல்



1970 அக்டோபரில் சிகாகோ நகரில் ஜேம்ஸ் ரேமி என்னும் பாடகர் 26 வயதில் மரித்தார். மேடையில் அவர் பெயர் பேபி ஹியூயி. கர்டிஸ் மேஃபீல்டின் தயாரிப்பில் அவர் பாடிய ஒரே இசைத்தொகுப்பு, அவர் மறைந்த மறு ஆண்டில் வெளிவந்தது. வாங்கினோர் சிலரே, அது விரைவில் மறக்கப்பட்டது.

பின்னாளில் ஹிப்-ஹாப் கலைஞர்கள் பழைய ஃபங்க் இசைத்தட்டுகளில் தாளத்துணுக்குகளைத் தேடியபோது, இத்தொகுப்பின் 'ஹார்ட் டைம்ஸ்' அவர்களுக்கு அகப்பட்டது. அதே தட்டில் ஒன்பது நிமிடங்களுக்கும் மேலாக நீளும் மெதுவான சோல் பாடல் ஒன்றும் காத்திருந்தது. அது, 'எ சேஞ்ச் இஸ் கோயிங் டு கம்'.

அதை முதலில் எழுதிப் பாடியவர் சாம் குக். அவர் ஒரு போதகரின் மகன்; 'சோல் ஸ்டிரர்ஸ்' என்னும் நற்செய்திப் பாடற்குழுவில் பாடியவர். 1963இல் லூசியானாவின் ஷ்ரீவ்போர்ட் நகரில், கறுப்பினத்தவர் என்பதால் விடுதியில் அவருக்கு இடம் மறுக்கப்பட்டது. அந்தக் காயமும், மாற்றம் வருமென்ற நம்பிக்கையும் அப்பாடலில் கலந்துள்ளன. 1964இல் பாடல் வெளிவந்தது. அவ்வாண்டு டிசம்பரிலேயே அவரும் சுடப்பட்டு மாண்டார்.

புலம்பலும் நம்பிக்கையும் ஒரே பாட்டில் குடியிருப்பது, சங்கீதங்களை வாசிக்கும் நமக்குப் புதிதன்று. துள்ளலான தாளம் தானாகவே காதில் விழும். அதனருகே உள்ள புலம்பலைக் கேட்கவோ பொறுமை வேண்டும். நம் சபையிலும் மெல்லிய குரலில் பேசுகிறவர்கள் உண்டு. இவ்வாரம் அவர்களுள் ஒருவர் அருகில் அமர்ந்து, அவர் சொல்லி முடிக்கும்வரை கேளுங்கள்.