பிரித்தானியாவில் முதற்கடை: எந்த முறையில் தொடங்குவது?

பிரித்தானியாவில் முதற்கடை திறக்கும் எம்மவருக்குப் பொதுவாக மூன்று வழிகள் உண்டு.

தனிவணிகம்: தொடங்குவது எளிது. ஆனால் கடையின் கடன் எமது சொந்தக் கடன். வீடும் ஆபத்தில் வரலாம்.

பங்காண்மை: மச்சான்மார் வாய்ப்பேச்சில் தொடங்குவது. வேறு உடன்பாட்டை நிரூபிக்க முடியாவிட்டால், யார் எவ்வளவு முதல் போட்டிருந்தாலும் 1890ஆம் ஆண்டுப் பங்காண்மைச் சட்டப்படி இலாபமும் நட்டமும் சமபங்கு. ஒருவர் கடைக்காகப் பட்ட கடனுக்கு மற்றவரும் பொறுப்பு.

வரையறுத்த கம்பனி: கம்பனியின் கடன் கம்பனியோடு. ஆண்டுதோறும் கணக்கு ஒப்படைக்க வேண்டும். ஆனால் கடை வாடகைக்கோ வங்கிக் கடனுக்கோ சொந்தப் பிணை கையெழுத்திட்டால், அந்தக் கடன் மீண்டும் எம் தலையில்தான்.

நட்டத்தால் பிரிந்த குடும்பங்களைவிட, எழுதி வைக்காததால் பிரிந்த குடும்பங்களையே நாம் அதிகம் கண்டோம். கடைத் திறப்பை வாங்குமுன் எழுதிக்கொள்வோம்.